எடைப்பாலத்துச் சன்னல்

காலை ஆறரைக்கே பதினோரு லோரி.
செம்பனைக் குலைகளோடு ஆலை வாசலிலிருந்து
பீடோர் சாலைவரை,
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாலாவது பரஞ்சோதி அண்ணனுடையது.
அணைக்கச் சொல்லிக் கை காட்டினேன்.
“அணைச்சா எடுக்காது தங்கச்சி,
ஸ்டார்ட்டர் செத்து மூணு மாசம்.
தவுக்கே மாத்துறேன், மாத்துறேங்கிறாரு.”
சொல்லிவிட்டுப் பசியாறப் போனார்.
ஆளில்லாத இருக்கை
அதிர்ந்துகொண்டே இருந்தது.

பத்து மணிக்குள் இருமுறை சன்னலைத் துடைத்தாயிற்று.
துணியில் ஒட்டுவது தூசி இல்லை, பிசுக்கு.
எதிரே தமிழ்ப்பள்ளி வேலியில்
செம்பருத்தி என்ன நிறமென்று
மழை பெய்த மறுநாள்தான் தெரியும்.

உள்ளே வந்த எடையில்
வெளியே போகும் எடையைக் கழித்தால் குலை.
அவ்வளவுதான் என் கணக்கு.
தராசுக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே
கண் தெரியாது.
மூன்று மணிநேரம் நின்றே எரிந்த டீசலை,
அதை மூச்சாய் வாங்கிய என்னை
எழுதச் சீட்டில் கட்டமில்லை.

ஐந்தரைக்கு வீடு திரும்புகையில்
சிக்னல் சிவப்பு. தொண்ணூறு வினாடி.
என் மோட்டாரை அணைத்தேன்.
சாலையோரக் கால்வாயில் ஒரு தவளை,
அவ்வளவு பக்கத்தில்.
பின்னால் வந்து நின்ற கார்
ஹாரன் அடித்தது.
பச்சை விழ இன்னும் நாற்பது இருந்தது.