ஒரு கல் குறைந்த பாலம்

பாஸ்க் மலைநாட்டில் தூறலுக்குப் பெயர் சிரிமிரி.
குடை விரித்தால் நின்றுவிடும்,
மடக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அப்படியொரு சிரிமிரி மாலையில்
பள்ளி விட்டு வந்தாள் நஹியா.
வழியில் ஆறு. ஆற்றின்மேல் பாலம்.
பாலத்தின் நடுமுதுகில்
ஒரே ஒரு கல் இல்லை.

ஊரே தாண்டிப் பழகிய ஓட்டை அது.
பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்.
தபால்காரர் சைக்கிளோடு தாண்டுவார்.
பசுக்கள்கூட அங்கே வந்ததும்
ஒரு நொடி யோசித்து,
'ம்ம்' என்று சொல்லித் தாண்டும்.

நஹியாவும் தாண்டினாள்.
வலது பூட்ஸ் அவளோடு வந்தது.
இடது பூட்ஸ் வரவில்லை.

'பொத்' என்று ஒரு சத்தம்.
பிறகு, "யாரது!" என்று ஒரு சத்தம்.

சரிவில் சறுக்கி இறங்கிப் பார்த்தால்,
கையில் தங்கச் சீப்பு,
மடியில் ஒரு கருங்கல்,
தலையில் சிவப்பு ரப்பர் பூட்ஸ்.
ஆற்றுப் பெண் லமியா!

வாத்துப் பாதங்களை அவசரமாய்
தண்ணீருக்குள் ஒளித்தாள் அவள்.
பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை நஹியா.

"மடியில் என்ன?"
"கல்."
"எந்தக் கல்?"
சீப்பால் மேலே காட்டினாள் லமியா.

"முந்நூறு வருஷம் ஆகிறது.
சேவல் கூவுமுன் ஒரே இரவில்
பாலம் கட்டித் தருவதாய்ச் சொன்னேன்.
கடைசிக் கல்லைத் தூக்குகிறேன், கூவிவிட்டது!
வைக்கவும் வழியில்லை,
கீழே போடவும் மனசில்லை."

"யார் வீட்டுச் சேவல்?"
"ஒய்லாரெனேயா."

நஹியாவின் காது சிவந்தது.
ஒய்லாரெனேயா, சேவல் வீடு.
அவள் வீடு.
கிறிஸ்துமஸ் இரவுதோறும் அங்கே
சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு.
இப்போது அது
சிரிப்பாய் இல்லை.

"எங்கள் முப்பாட்டன் மாச்சின்
லாந்தரை ஏந்திக்கொண்டு
கோழிக்கூட்டுக்குள் போனாராம்.
வெளிச்சம் பார்த்து ஏமாந்ததாம் சேவல்.
நிஜமாய் விடிய
இன்னும் நாலு மணி நேரம் இருந்ததாம்."

சீப்பு நின்றது.
தவளைகளும் நிறுத்திக்கொண்டன.

"அப்படியென்றால்," கணக்குப் போட்டாள் நஹியா,
"எங்கள் வீடு உங்களுக்கு
நாலு மணி நேர இருட்டு கடன்.
இன்றிரவே எடுத்துக்கொள்ளுங்கள்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.
"கூலி... என்ன கேட்டிருந்தீர்கள்?"

"வாசலில் ஜோடியாய் இருப்பதைத் தா என்றேன்.
மாச்சின் முகம் வெளுத்துப்போனது."

ஏன் வெளுக்காது?
அன்று வாசலில் இருந்தது இரட்டைக் குழந்தைகள்,
ஒருத்தி முடியை ஒருத்தி இழுத்துக்கொண்டு.

"பிள்ளைகளை வைத்து நான் என்ன செய்ய?
ஓயாமல் பசிக்கும், ஓயாமல் கேள்வி கேட்கும்!
பக்கத்தில் இருந்ததே மரச்செருப்பு,
அதைத்தான் கேட்டேன்."
மெல்லக் காலை வெளியே எடுத்தாள்.
"இதுகளுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று
ரொம்ப நாள் ஆசை."

வலது பூட்ஸையும் கழற்றிக் கொடுத்தாள் நஹியா.
முன்னால் நுழைத்தார்கள், நுழையவில்லை.
பக்கவாட்டில் நுழைத்தார்கள், நுழையவில்லை.
லமியா சிரித்தாள், அசல் வாத்துச் சிரிப்பு.
பிறகு இரண்டையும் கைகளில் மாட்டி
'தப் தப்' என்று தட்டிப் பார்த்தாள்.
பிடித்திருந்தது.

"ஒரு பூட்ஸ் விழுந்தது சரி,
இரண்டும் எப்படி விழும்?"
அம்மா கேட்ட கேள்விக்கு
நஹியாவிடம் பதில் இல்லை.

நள்ளிரவில் கல் வைத்த சத்தம் கேட்டது.
ஒரு கல்லுக்கு நாலு நிமிஷம் போதும்.
மிச்சத்தை லமியா சேர்த்து வைத்திருக்கிறாள்.
குளிர்காலத்தில் சில இரவுகள்
விடியாமல் இழுத்துக்கொண்டே போனால்
கடிகாரத்தைத் திட்டாதீர்கள்.

பாலம் முழுசாகிவிட்டது.
பாதிரியார் இன்னும் தாண்டுகிறார்.
தபால்காரர் இன்னும் தாண்டுகிறார்.
பசுக்கள் இப்போது
இரண்டு நொடி யோசிக்கின்றன.

நஹியா மட்டும் அந்தக் கல்மேல் நின்று
இடதுகாலால் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

கீழேயிருந்து வரும்,
ஈர ரப்பர் குரலில்:
தப். தப்.