பொங்கல் கழித்து மாற்றவும்

சிறுசேரிப் பதினோராம் மாடியிலிருந்து
நீ அனுப்பியது ஒரே வரி:
"ஓடுகிறதல்லவா, ஏன் தொடுகிறாய்?"

ஓடுகிறது, ஜெரால்டு.
கொரடாச்சேரி அரிசி மில்லில்
தவிடு படிந்த ஒரு பெட்டிக்குள்
இருபத்தாறு வருஷமாக ஓடுகிறது.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
அணைத்தால் திரும்ப எழாதென்று
ஆயுத பூஜைக்குக்கூட அணைப்பதில்லை,
ஓட ஓடவே பொட்டு வைக்கிறார்கள்.

முதல் வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை.
வாசித்தேன்.
ஒன்பதாயிரம் வரி.
வருஷத்துக்கு இரண்டே இலக்கம்.
பதினேழாம் எண் ஊருக்கு மட்டும் ஏதோ விலக்கு,
ஏனென்று மில்லில் யாருக்கும் தெரியவில்லை.
கூட்டலுக்கு நடுவே ஒரு கழித்தல்:
மூட்டைக்கு எண்ணூறு கிராம், சாக்கு எடை.
அதன் தலைமாட்டில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு:
"தற்காலிகம். பொங்கல் கழித்து மாற்றவும்."

எந்தப் பொங்கல் என்று எழுதவில்லை.

எழுதியவர் அமிர்தகடேசன், இப்போது தோகாவில்.
கூப்பிட்டேன். சிரித்தார்.
"இன்னுமா ஓடுது?" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர்மேல் குற்றமில்லை.
அன்றைக்குச் சணல் சாக்கு, நிறுத்துப் பார்த்தே போட்டிருக்கிறார்.
இப்போது வருவது பிளாஸ்டிக்.
காலிச் சாக்கொன்றை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்:
நூற்றிருபது.
மீதி அறுநூற்றெண்பது கிராம் நெல்
மூட்டைதோறும், பதினோரு வருஷமாய்,
யாரும் திருடாமலே களவு போயிருக்கிறது.

இதைத்தான் ஓடுகிறது என்கிறாய்.

மேட்டூர் திறந்தபின் யாரும்
வாய்க்காலில் தூர் வாருவதில்லை.
சித்திரையில் தொடங்கினேன்,
மில் மூச்சு வாங்கும் மாதம்.
பழையதை இடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கிளை வெட்டி
எடைச்சீட்டை மட்டும் முதலில் அதில் திருப்பினேன்.
இரண்டும் ஒரே நெல்லை ஒரே நாளில் எண்ணின.
கணக்கு ஒட்டாத இடத்திலெல்லாம் நின்றேன்.
மூன்று முறை தவறு என்னுடையது.

ரஹ்மத்நிஷாவுக்குப் புதுத் திரை காட்டினேன்.
நீலம், வெள்ளை, வட்ட வட்டமாய்ப் பொத்தான்கள்.
மவுஸைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
"எஃப் ஏழு எங்கே?" என்றாள்.
வாசலில் லாரி நிற்க, திரையைப் பாராமலே
நிமிஷத்துக்கு நாலு சீட்டு போடுகிறவள்.
புதுப்பிக்கிறேன் என்று வந்து
அவள் விரலின் பத்தொன்பது வருஷத்தை
அழிக்கப் பார்த்திருக்கிறேன்.
அன்றிரவே பொத்தான்களைக் கழற்றினேன்.
எஃப் ஏழு எஃப் ஏழாகவே இருக்கிறது.

முதலாளி குஞ்சிதபாதம்தான் இழுத்தார்:
"எண்ணூறே இருக்கட்டுமே, பழகிப்போச்சு."
இருக்கட்டும், ஆனால் சீட்டில் அச்சாகும் என்றேன்,
கீழே உங்கள் கையெழுத்தோடு.
மறுநாள் காலை
அவரே பத்துச் சாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார்.

வைகாசியில் கோடை நெல் வந்தது.
எண்கண் தவமணி சீட்டை வெயிலில் பிடித்துப் படித்தார்.
நன்றி ஒன்றும் சொல்லவில்லை.
"அப்ப இதுவரைக்கும் போனது?"

என் நிரலில் அதற்கொரு கட்டம் இல்லை.
முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

பழைய சீட்டெல்லாம் கோப்பில் இருக்கிறது, ஜெரால்டு.
நாற்பத்தோரு கோப்பு, பாதி உடைந்தவை.
திறந்தால் அந்தக் கேள்விக்கு ஓர் எண் கிடைக்கும்.
ஒற்றை ஆளாய் என்னால் ஆகாது.
மேட்டூர் திறக்கப் பத்தொன்பது நாள்.
மாற்றுச் சட்டை எடுத்து வா, தவிடு ஒட்டும்.

பதினேழாம் ஊர் ஏனென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.
உனக்குத் தெரிய வேண்டாமா?