வளைந்த அடி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூவாயிரத்து நானூறு எண்ணிக் கொடுத்தேன்.
"சும்மா நடந்தா போரும் அக்கா,
அடி வளைவு ஆட்டும்,
கெண்டைக்கால் தானா முறுக்கேறும்" என்றான் டெல்பின்,
ஒரு ஷூவை உள்ளங்கையில் வைத்து
தொட்டில்போல் ஆட்டியபடி.

ஐந்தே காலுக்குக் குழித்துறை ஆற்றங்கரை.
வள்ளத்தில் நிற்பதுபோல் நின்றேன்,
பிறகு நடந்தேன்.
ஒரு மாதம்.
வலித்தது உண்மை.
வலித்தால் வேலை செய்கிறது என்று
நானே எனக்குச் சொல்லிக்கொண்டதும்
உண்மை.

ரவிக்கை தைக்கும் புஷ்பபாய்
டேப்பைச் சுற்றினாள்,
பழைய நோட்டைப் புரட்டினாள்.
"இடுப்பு அதேதான் பிள்ளே.
கை மட்டும் அரை இஞ்சு கூட."

அன்று ராத்திரி மழையில்
வாசலில் கிடந்த ஷூ ஊறிப்போயிற்று.
ரப்பர் ஷீட் காயும் கொடியில்
அதையும் தொங்கவிட்டேன்.
ஒரே நாற்றம், இரண்டுக்கும்.

விடிந்ததும், வாரில் ஊக்குக் குத்திய செருப்போடு
திக்குறிச்சி வரை போய் வந்தேன்.
அதே தூரம். அதே வியர்வை.
ஆட்டம் மட்டும் இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால்
ரசீதைக் காணோம்.
விழிப்பு மட்டும்
அலாரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது,
மூவாயிரத்து நானூறுக்கு.