நண்பகல் மழை

நியாமேயில் மின்சாரம் மூன்று முறை போய்வந்தது.
நான்காம் முறை ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தபோது
இரண்டாயிரத்து எழுபத்தொன்றின் ஜூலை
என் திரையில் பாதியில் நின்றிருந்தது.

எங்கள் உலகம் கட்டம் கட்டமானது.
கட்டத்தின் ஒரு பக்கம் நூறு கிலோமீட்டர்.
இந்த நகரம், ஆற்றுப் பாலங்கள், கால்நடைச் சந்தை,
கோல்லோவுக்கு அப்பால்
தம்பி ஹசூமியின் மூன்று ஹெக்டேர் கம்பு,
எல்லாம் சேர்ந்து ஒரே எண்.
அந்த எண் நனைந்தால் எல்லோரும் நனைகிறோம்,
ஒரே நேரத்தில், ஒரே அளவில்.
இப்படியொரு நியாயம் இங்கே
ஒருநாளும் பெய்ததில்லை.

மேகம் கட்டத்தைவிடச் சிறியது.
கண்ணுக்குத் தெரிவது கணக்குக்குத் தெரியாது.
ஆகவே மேகத்துக்குப் பதில் ஒரு விதி வைத்தோம்:
தரை இவ்வளவு சுட்டால்,
காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால்,
பெய்.
தரை நண்பகலில் சுடுகிறது. விதி கீழ்ப்படிகிறது.
அலுவலகத்துக்குத் தேநீர் வருவது போல
தினமும் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் மழை.
வாரமெல்லாம் தூறல்.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்
மழைமானியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.
அதுதான் வயிற்றெரிச்சல்.

இங்கே மழை அப்படி வருவதில்லை.
எங்கோ கிழக்கே சாயங்காலத்தில் பிறந்து
இரவெல்லாம் நடந்து
புழுதிச் சுவரொன்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும்.
முதலில் ஆடுகளுக்குத் தெரியும். பிறகு தகரக் கூரைகளுக்கு.
ஒரு மணி நேரத்தில் மாத மழையில் பாதியைக் கொட்டிவிட்டு
ஆற்றைத் தாண்டிப் போய்விடும்.
அப்புறம் பதினேழு நாள்
ஒன்றுமில்லை.

ஹசூமி தொலைபேசியில் கேட்கிறான்:
"நேற்று பெய்தது. விதைக்கலாமா?"
"எவ்வளவு?"
"மணிக்கட்டு வரை."
மணலில் கையை விட்டுப் பார்த்திருக்கிறான்.
முழங்கை வரை ஈரமென்றால் பதம்.
மணிக்கட்டு என்றால் சூதாட்டம்.
போன வருடம் மூன்று முறை விதைத்தான்;
மூன்றாம் முறை விதை கடன்.
நூற்றாண்டின் கடைசியைப் பற்றி என்னிடம்
நாற்பது லட்சம் எண்கள் இருக்கின்றன.
அடுத்த வியாழக்கிழமையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.
அது கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வேலை.
இன்று வெள்ளி. தொழுகைக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால்
காற்று நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் ஈரம் சுமக்கும்.
இதில் யாருக்கும் சண்டையில்லை.
சுமப்பது வேறு, இறக்கிவைப்பது வேறு.
எங்கே இறக்கும் என்று கேட்டால்
முப்பது மாதிரிகளும் ஆளுக்கொரு திசையைக் காட்டுகின்றன.
ஒன்று பாலைவன விளிம்பில் புல் முளைக்க வைக்கிறது.
இன்னொன்று எங்கள் கட்டத்தைப் பழுப்பாக்கிவிட்டு நகர்கிறது.
கூட்டி வகுத்தால் மாற்றம் சுழியம்,
எந்த மாதிரியிலும் பெய்யாத ஒரு மழை.
வரைபடத்தில் அந்த இடத்தைச் சாய்கோடுகளால் நிரப்புவோம்.
உடன்பாடு இல்லை என்று அர்த்தம்.
நான் பிறந்த ஊர் அந்தக் கோடுகளுக்கு அடியில் இருக்கிறது.
தள்ளி நின்று பார்த்தால்
அங்கே மழை பெய்வது போலவே இருக்கும்.

போன மாதம் நான்கு கிலோமீட்டர் கட்டத்தில் ஒரு சோதனை.
ஹாம்பர்கில் கடன் கேட்டு வாங்கிய இயந்திரம்;
எங்களுடையது தாங்காது.
பத்து நாள் வானத்துக்கு ஆறு நாள் கணக்கு.
விதியை எடுத்துவிட்டோம்.
நண்பகலில் வானம் சும்மா கிடந்தது.
எங்கேயோ பிழை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
பிறகு, திரையின் கடிகாரத்தில் இரவு இரண்டு மணி,
கிழக்கு ஓரத்தில் வில்லாக ஒரு கோடு எழுந்தது.
யாரும் அதை வரச் சொல்லவில்லை.

நான் எழுந்துபோய்
ஜன்னலைச் சாத்தினேன்.

ஹசூமியின் செய்தி இப்போதுதான் வந்தது:
"பாதி நிலத்தில் விதைத்துவிட்டேன்.
மீதி சாக்கில் இருக்கிறது.
நீ சாப்பிட்டாயா?"