மூன்றாவது தையல்

பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
ராஸ்காமன் சேற்றில் என் வண்டி
ஒருமுறை புதைந்து எழுந்து
அட்ராக்டாவின் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
வாலை ஒதுக்கிப் பிடித்தாள்.
கையை விட்டுப் பார்த்தேன்.
குளம்பு இரண்டும் வாசலில்;
தொடை வராது.

காளை பெல்ஜியத்தில்.
இங்கே வந்தது குப்பி மட்டும்.
அந்த இனத்துக்கு ஒரு மரபணுவில்
பதினோரு எழுத்து உதிர்ந்துபோயிற்று.
தசையைப் பார்த்துப் போதும் என்று சொல்ல
உள்ளே ஆளில்லை.
தாய்க்கும் பாதி அதே ரத்தம்.
இடுப்பெலும்பு மட்டும் பழைய அளவு.

"கலப்பில் பாதித் தொல்லைதான் என்றான் விற்றவன்"
என்கிறாள். நான் இடது விலாவை மழிக்கிறேன்.
மயிருக்கு அடியில்
போன வருஷத்து என் தையல்,
அதற்கு முந்தைய வருஷத்து என் தையல்.
இரண்டு வரிக்கு நடுவே
இடம் தேடிக் கத்தி வைக்கிறேன்.

ஆவி பறக்க வந்தது.
அறுபது கிலோ இருக்கும், நாக்கு நீலம்,
பிறக்கும்போதே மல்யுத்தக்காரன் தொடை.
வைக்கோலால் மூக்கைக் கிண்டினாள்.
தும்மியது.

அக்டோபர் சந்தையில்
பின்பக்கம் பார்த்துத்தான் ஏலம் ஏறும்,
முகத்தை யாரும் கேட்பதில்லை.
என் கூலி கழித்தும் மிஞ்சும் என்கிறாள்.
மிஞ்சும். அதுதான் சங்கடம்.
என் வண்டிக் கடனும்
இந்தத் தொடைகளில்தான் அடைகிறது;
நானும் இதுவரை
போதும் சொன்னதில்லை.

"அடுத்த வருஷம் அங்கஸ்தான்."
போன வருஷமும் சொன்னாள்.

தையல் இன்னும் முடியவில்லை.
பசு அதற்குள் கழுத்தை வளைத்து
கன்றை நக்கப் போகிறது;
என் கையில் நூல் இழுபடுகிறது.