அழிறப்பர்

ரோஸ்டரை நான் பென்சிலால்தான் எழுதுவேன்.
லீவு மாறும், ஆளுக்குக் காய்ச்சல் வரும்,
குருமண்வெளித் துறையில் காற்றடித்தால் பாதை ஓடாது.
களுவாஞ்சிகுடியில் பத்தொன்பது வருசம்;
என் மேசையில் பேனையைவிட
அழிறப்பர்தான் சீக்கிரம் தேயும்.

அந்த வைகாசி
கொரோனா விடுதிக்கு இரவுக்கு நாலு பேர் வேண்டும்.
மாஸ்க் பெட்டியில் இருபத்துமூன்று.
அலுமாரித் திறப்பு என் இடுப்பில்.
பணிமனையிலிருந்து தொலைபேசி:
"போதுமா சிஸ்டர்?"
"சமாளிக்கிறம் சேர்."
அந்தச் சொல்லை எத்தனை தரம் சொன்னேன் என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

முதலில் எழுதியது டிலக்சி என்று.
அக்காவின் மகள். முறைப்படி அவளுடைய வாரம்.
எழுதிவிட்டுத் தேநீர் குடித்தேன்.
சின்ன வயதில் முட்டு வந்து அவள் இழுத்த மூச்சு
அறைக்குள் கேட்டது.
அது காரணமா, சாட்டா?
இன்றைக்கும் எனக்கு வடிவாகத் தெரியாது.

அழித்தேன். தூளை ஊதினேன்.
அதே கட்டத்தில் கிருசாந்தினி என்று எழுதினேன்.
பெயர் நீளம். கோட்டைத் தாண்டி
அடுத்த நாளுக்குள் போய் நின்றது.

மண்டூர்ப் பிள்ளை. கைக்குழந்தைக்கு ஏழு மாதம்.
ஒன்றும் கேட்கவில்லை.
பயணத்தடையில் பாதை நின்றபோது
யாரோ மீன்காரரின் தோணியில் வந்தாள்,
வெள்ளைச் சப்பாத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு.

பத்தாம் நாள் அவளுக்கே பொசிட்டிவ்.
அதே விடுதி, பதினொராம் கட்டில்.
கண்ணாடிக்கு இப்பால் நின்று
ஒக்சிசன் அளவை எழுதினேன்,
அதை மட்டும் பேனையால்.
பால் கட்டி நெஞ்சு கல்லானதாம்.
றிபாயாதான் துணியை வெந்நீரில் நனைத்து
விடிய விடிய ஒத்தடம் பிடித்தாளாம்.

பிழைத்தாள்.
இல்லாவிட்டால் இதை எழுத எனக்குக் கை வந்திராது.

பிறகு விழா. பொன்னாடை.
"தாயுள்ளம்" என்றார் ஒருவர் ஒலிவாங்கியில்.
மாலையின் நார் கழுத்தை அரித்தது.

நேற்று அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.
சொன்னேன்: அக்காவின் மகள், முட்டு, அழிறப்பர், எல்லாம்.
அவள் சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி,
"தெரியும் சிஸ்டர்.
நோட்டீஸ் போட்டில வெயில் படுற நேரம்
என்ட பேருக்குக் கீழ அவட பேர் தெரிஞ்சது."

ஒரு வருசமாகத் தெரியும்.
ஒரு வருசம் எனக்குக் காலை வணக்கம் சொன்னவள்.

மன்னிப்பைப் பற்றி அவள் கதைக்கவில்லை;
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
போகும்போது நின்றாள்.
"அம்மன் சடங்கு வருது.
குளிர்த்தியண்டைக்கு எனக்கு லீவு வேணும்.
இந்த முறை மாத்தாதீங்க."

லாச்சிக்குள் தேடினேன்.
நீலப் பேனை வறண்டு கிடந்தது.
உதறி, உள்ளங்கையில் கிறுக்கி,
மை வரும் வரைக்கும்
அவள் வாசலிலேயே நின்றாள்.