இருவர் ஆட்டம்

ஓலு நகரத்து டிசம்பர்.
மதியம் மூன்றுக்கே கும்மிருட்டு.
பனி வாரும் வண்டியை நிறுத்திவிட்டு
காது சிவக்க வருவான் இல்க்கா.

முதலில் வாங்கியது துப்பாக்கி ஆட்டம்.
நான்காவது நிமிடம் என்னைச் சுட்டவன்
இவன்தான்,
கை தவறி.
அடுத்தது சமையலறை.
திரையில் கருகிய வெங்காயத்துக்கு
வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை.

கடைப் பையனிடம் கேட்டேன்:
யாரும் சாகாத,
கடிகாரம் விரட்டாத
ஏதாவது இருக்கிறதா தம்பி?
யோசித்தான். உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தான்.

ஒரு தபால் படகு, ஒன்பது தீவுகள்.
துடுப்பு அவன், சுக்கான் நான்.
எந்தப் பொத்தான் எதற்கென்று
இன்னும் பிடிபடவில்லை எனக்கு;
பாதி நேரம்
வானத்தையே பார்த்து நிற்கிறேன்.
"மேகம் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்"
என்கிறான்.

நேற்று ஒரு மதகு.
ஒருவர் நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான்
மற்றவர் கடக்க முடியும்.
பிடித்தேன்.
பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஒன்றரை மணி.
கட்டைவிரல் பொத்தானிலேயே மரத்திருந்தது.
மதகு திறந்தே கிடந்தது.
இல்க்கா கடக்கவில்லை.
என் கால்மாட்டில் படகைக் கட்டிவிட்டு
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று வாளி மீன்.
சத்தத்தை வேறு
குறைத்து வைத்திருந்தான்.